பார்க்காமல் எழுதிய ரீடிங்

முதலில் சத்தம்தான் வந்தது. மெல்லிய ரீங்காரமாகக் கிளம்பி, ஏறி, இன்னும் ஏறி, உச்சியைத் தொடும் இடத்தில் ஒரு சின்ன நடுக்கம். பேரிங் தேய்ந்துவிட்டது. நாலு மாசம் ஓடும், எண்ணெய் விட்டால் ஆறு மாசம். எந்தக் கம்ப்ரசர் இது, ஒண்ணா மூணா, மூணு நின்று ஒரு வாரம் ஆகிறதே, அம்மோனியா வாடை ஏன் வரவில்லை, வாடைக்குப் பதில் டெட்டால் ஏன் மணக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தட்டித் தடவிக்கொண்டு மேலே வந்து கண்ணைத் திறந்தால் வெள்ளைச் சுவர். நான் வேலை பார்க்கும் குளிர்பதனக் கிடங்கு இல்லை. விடிந்து வெகுநேரமான வெளிச்சம். ரத்தப் பரிசோதனை நிலையத்து பெஞ்சு. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மேசைமேல் ஒரு சின்ன இயந்திரம் ரத்தக் குழாய்களைப் போட்டுச் சுற்றிக்கொண்டிருந்தது. அந்தச் சுற்றலில் ஒன்று என்னுடையது. தனுஷ்கோடி, ஆண், ஐம்பத்திரண்டு என்று ஒட்டியிருப்பார்கள். மணி எட்டு ஐந்து. ஏழு பத்துக்கு முதல் ரத்தம். ஏழு நாற்பதுக்கு எதிர்க்கடையில் நாலு இட்லி, சாம்பார். ஒன்பது நாற்பதுக்கு இரண்டாவது ரத்தம். நடுவில் இந்த இரண்டு மணி நேரம். இதில் எனக்கு ஒரு வேலையும் கிடையாது, இருந்தாலே போதும். இட்லி உள்ளே போய் என்ன செய்ய வேண்டுமோ அதை அது செய்யும். இருபத்தோரு வருஷமாக ராத்திரி வேலை பார்க்கிறவனுக்கு இப்படிச் சும்மா உட்காரச் சொன்னால் கண் தானாக மூடிக்கொள்கிறது. ஆனால் மூடினால் சத்தம் பெரிதாகிவிடுகிறது.

மடியில் துணிப்பை, பைக்குள் முருங்கைக் கீரை. கிடங்கிலிருந்து வரும் வழியில் வாங்கியது. சனிக்கிழமை என்றால் நான்தான் கீரை வாங்கிப் போக வேண்டும், போய் ஆய்ந்தும் கொடுக்க வேண்டும். என் வீட்டுக்காரி ராஜபுஷ்பத்துக்குக் கீரை ஆய்வது பிடிக்காது. எனக்கு அது தூக்கத்துக்கு முந்தின வேலை, கை தன்பாட்டுக்கு உருவிக்கொண்டிருக்கும், தலை மெல்ல அணையும். இன்றைக்கு ஓவர்டைம், பத்தரை ஆகும் என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். ரத்தம் கொடுக்கப் போகிறேன் என்று சொல்லவில்லை. சொன்னால் எதற்கு என்பாள், நம்ம நோட்டில்தான் சர்க்கரை நூத்தி முப்பதுக்குள் நிற்கிறதே என்பாள். எட்டு மணிக்கு மேல் கை சும்மா இருக்க மாட்டாமல் ஒரு கொத்தை எடுத்து உருவ ஆரம்பித்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர், தோளில் துண்டு, கையில் சிறுநீர் டப்பா, என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "வீட்டுக்காரம்மா ஆஸ்பத்திரி வரைக்கும் வேலை குடுத்து அனுப்பிருக்காகளாக்கும்" என்றார். "ஆமா, ரத்தத்த அவுக எடுத்துட்டாக, மிச்சத்த இவுக எடுக்காக" என்றேன். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார், டப்பாவை மட்டும் அசையாமல் பிடித்துக்கொண்டு. கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ரத்தம் எடுக்கிற பர்வீன் தலையை நீட்டினாள். "அண்ணாச்சி, இங்க வச்சுக் கீரை ஆயாதீக. கீழ விழுந்தா நான்தான் பெருக்கணும்." "ஒரு இலை விழாதும்மா" என்றேன். விழுந்துகொண்டுதான் இருந்தது. விரல் நுனியில் இலை இருக்கிறதா காம்பு இருக்கிறதா என்பது சில நாளாகச் சரியாகப் பிடிபடுவதில்லை. கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. பையை மூடிக் காலுக்கடியில் வைத்தேன்.

காலையில் இந்தப் பெண் கேட்டாள், "ராத்திரி சாப்பிட்டு எத்தனை மணி நேரம் ஆச்சு அண்ணாச்சி?" பத்து மணி நேரம் என்றேன், யோசிக்காமல். பத்து என்பது நல்ல எண், கேட்டவுடன் எழுதிக்கொள்வார்கள். மூன்று மணிக்கு டீயும் இரண்டு பிஸ்கட்டும் தின்றதைச் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்றுகூட நினைக்கவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது, வாய் தானாகச் சொல்லிவிட்டது. வெறும் வயிறு என்பதே எங்களுக்கு எது என்று தெரியாது. ஊர் தூங்கும்போது தின்கிறோம், ஊர் தின்னும்போது தூங்குகிறோம். உடம்புக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறதாம், கணையம் அதைப் பார்த்துத்தான் வேலை செய்யுமாம், படித்திருக்கிறேன். எதைத்தான் படிக்கவில்லை. பத்தாவதோடு நிறுத்தியவன். பழைய பேப்பர் கடையில் எடைக்குக் கிடந்த நர்சிங் பாடப் புத்தகத்தை வாங்கி, அகராதியைப் பக்கத்தில் வைத்து, ஒரு மழைக்காலம் பூராவும் படித்தேன். இப்போது போனில் படிக்கிறேன். குரோமியம், லவங்கப்பட்டை, பெர்பெரின், வெந்தயத்தின் நார்ச்சத்து, எல்லாவற்றுக்கும் ஏதோ ஓர் ஆராய்ச்சி இருக்கிறது. கொஞ்சம் குறைந்தது என்று முதல் வரியில் இருக்கும். எத்தனை பேர், எத்தனை வாரம், மாத்திரையோடு சேர்த்தா மாத்திரையை விட்டா என்பது நடுவில் எங்கேயோ இருக்கும். சான்று போதாது என்பது கடைசி வரியில் இருக்கும். நான் கடைசி வரிக்கு முன்னால் தூங்கிவிடுவேன். தூங்கவில்லை, சரி, உண்மையைச் சொன்னால் போனை வைத்துவிடுவேன். பாதி படித்தவன் தன்னையே ஏமாற்றிக்கொள்வதற்கு ஒருத்தர் துணையும் வேண்டாம்.

கிடங்கில் மணிக்கு ஒரு தடவை ஒவ்வொரு சேம்பராக, குளிர் அறையாக, போய்த் தெர்மாமீட்டரைப் பார்த்து எழுத வேண்டும். மிளகாய் வத்தல் மூட்டை, புளி, மல்லி, எல்லாம் வியாபாரிகளுடையது, சீசனில் வந்தால் விலை ஏறும்வரை எங்கள் குளிரில் உறங்கும். ஆறு டிகிரி, ஆறரை, ஆறு. முதல் வருஷம் எல்லா மணிக்கும் போய்ப் பார்த்தேன். இரண்டாம் வருஷம் சீனியர் ஆபரேட்டர் வன்னியராஜ் அண்ணாச்சி சொல்லிக்கொடுத்தார். "ஏலே, ஒரு மணிக்கும் நாலு மணிக்கும் நடுவுல அது எங்கயும் ஓடிப்போயிராது. ஒக்காந்த எடத்துல எழுது. ஆனா எல்லாத்தையும் ஆறு, ஆறு, ஆறுன்னு எழுதுனேன்னா மேனேஜருக்குச் சந்தேகம் வந்துரும். நடுவுல ஒரு ஏழே கால் போடு. ஒரு எண்ணு கொஞ்சம் கோணலா இருந்தாத்தான் மத்தது நெசம் மாதிரி தெரியும்." அவர் சொன்ன அந்த ஏழே காலை நான் மறந்ததே இல்லை. பார்க்காமல் எழுதுவது ஒரு கை வேலை. வெளியே மழை பெய்தால் எப்படி ஏறும், கரண்ட் போய் வந்தால் எத்தனை நேரத்தில் இறங்கும் என்று தெரிந்து எழுத வேண்டும். எனக்கு அது நன்றாக வந்தது. பார்த்து எழுதுகிறவனைவிட என் நோட்டு அழகாக இருக்கும். ஒரு வருஷம் இரண்டாம் சேம்பர் விசிறி ராத்திரியில் நின்று நின்று ஓடியிருக்கிறது, ஒருத்தரும் பார்க்கவில்லை, நோட்டில் ஆறு, ஆறரை, ஏழே கால், ஆறு. மூன்றாம் மாசம் வியாபாரி வந்து மூட்டையைப் பிரித்தார். சிவப்பு போயிருந்தது. ஒரு மாதிரி பழுப்பு, கையில் எடுத்தால் நமுத்து வளைந்தது, உடையவில்லை. அவர் ஒரு வத்தலை முகர்ந்தார், என் நோட்டைப் புரட்டினார், மறுபடி வத்தலை முகர்ந்தார். நோட்டில் ஒரு குறையும் இல்லை. வன்னியராஜ் அண்ணாச்சி அந்த மாசத்தோடு வேலையை விட்டு நின்றுகொண்டார். நான் நிற்கவில்லை. அந்த நமுத்த வத்தலின் வாடை மட்டும் மூக்கில் எங்கேயோ தங்கிவிட்டது. இன்றைக்குக் காலையில் ரத்தம் சிரிஞ்சில் ஏறும்போது அதே வாடை வந்தது. ரத்தத்துக்கு வாடை இல்லை, தெரியும். ஆனாலும் வந்தது. "மூணு மாசச் சர்க்கரைச் சராசரிக்கும் சேர்த்தே எடுத்துக்கிறேன் அண்ணாச்சி, அதுக்குப் பட்டினி கெடக்கணும்னு இல்ல, என்ன தின்னாலும் மாறாது" என்றாள் பர்வீன். மூணு மாசம். மூட்டையைப் பிரிக்கிறார்கள்.

சர்க்கரை வந்து எட்டு வருஷம். எட்டு வருஷமும் காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று மாத்திரை, அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது, நூற்று அறுபது, நூற்று எழுபது, பெரிய மோசமில்லை. போன வருஷக் கடைசியில் பாதம் மரத்தது. செருப்புக்கும் காலுக்கும் நடுவில் ஒரு துணி இருப்பது போல. டாக்டரம்மா ஊசிமுனை போல ஒன்றை வைத்துத் தொட்டுத் தொட்டுக் கேட்டார், தெரியுதா, இப்பத் தெரியுதா. பிறகு சொன்னார், "சர்க்கரையும் காரணமா இருக்கலாம். இன்னொண்ணும் இருக்கு. இந்த மாத்திரைய ரொம்ப வருஷம் சாப்பிட்டா சில பேருக்கு பி-பன்னெண்டு சத்து கொறையும். டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டு அத மட்டும் தனியாத் தாரேன். நீங்களா எதையும் நிறுத்திராதீங்க." நான் வீட்டுக்குப் போய் அதில் பாதியைச் சொன்னேன். மாத்திரையால் சத்து குறைகிறதாம் என்று மட்டும். அந்தப் பாதிக்காகவே காத்திருந்தது போல ராஜபுஷ்பம் பிடித்துக்கொண்டாள். "நான் சொன்னேன்ல, செல்வக்கனி மேடமும் இதத்தான சொல்றாக. கெமிக்கல் உள்ள போயிச் சத்தெல்லாத்தையும் உறிஞ்சிருது." மறுநாள் அந்த மேடம் விற்கிற மூலிகைப் பொடி பச்சை டப்பாவில் வந்தது. பாகற்காய், ஆவாரம்பூ, பட்டை, வெந்தயம், நாவல் கொட்டை, அதோடு பெயரே கேள்விப்படாத ஆறு சரக்கு. காலையில் ஒரு ஸ்பூன், ராத்திரி ஒரு ஸ்பூன், வெந்நீரில். மாத்திரையும் பொடியும் ஒன்றோடு ஒன்று முட்டிக்கொள்ளும், மூணு மாசம் மாத்திரையை நிறுத்திப் பாருங்கள் என்றார்களாம். நிறுத்தினேன். பி-பன்னெண்டு டெஸ்டுக்குப் போகவே இல்லை. எனக்குத் தேவைப்பட்ட ஒரே ஒரு சத்தை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் ஸ்பூனில் அள்ளித் தின்றிருக்கிறேன். இதை நினைத்தால் சிரிப்பு வர வேண்டும். வரவில்லை.

ராஜபுஷ்பத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. மகளைச் சிவகாசியில் கட்டிக்கொடுத்தாயிற்று. இவள் பகலில் எனக்காகச் சத்தமில்லாமல் நடந்தே பாதி ஆயுளைக் கழித்தவள். நான் தூங்குகிறேன் என்று குக்கர் விசில் வைக்க மாட்டாள், டிவி போட மாட்டாள், பக்கத்து வீட்டில் பேசினாலும் குசுகுசுவென்று பேசுவாள். அப்படிப்பட்டவள் போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபத்து மாடியில் நடந்த பொடிக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்துப் பேசினாள். நானும் போயிருந்தேன். முதலில் மைக் ங்ங் என்று கத்தியது, அவள் பயந்து அதைத் தள்ளிப் பிடித்தாள், பிறகு சிரித்தாள், பிறகு பேசினாள். அறுபது பேர் கேட்டார்கள். "எங்க வீட்டுக்காரரு பொய் சொல்லத் தெரியாத ஆளு. மணிக்கு மணி ரீடிங் எழுதறதுதான் அவருக்கு வேலையே. இந்தாங்க, அவரு கைப்பட எழுதுன நோட்டு" என்று என் நோட்டைத் தூக்கிக் காட்டினாள். அந்த நோட்டு. முதல் பதினாறு நாள் விரலைக் குத்திப் பார்த்துத்தான் எழுதினேன். இருநூற்று நாற்பத்தெட்டு, இருநூற்று அறுபத்துமூன்று, இருநூற்று எழுபத்தொன்று. ஒவ்வொரு நாள் காலையிலும் அவள் நோட்டை வாங்கிப் பார்ப்பாள். உடம்பு பழகக் கொஞ்ச நாளாகுமாம் என்பாள், ஆனால் அந்த முகம் இருக்கிறதே. பதினேழாம் நாள் கருவியைக் கிடங்கிலேயே வைத்துக்கொண்டேன். உட்கார்ந்த இடத்தில் எழுதினேன். புது மூட்டை ஏற்றிய சேம்பர் எப்படிக் குளிருமோ அப்படி இறக்கினேன். இருநூற்று முப்பது, இருநூற்றுப் பன்னிரண்டு, நூற்றுத் தொண்ணூறு, நடுவில் ஒரு நாள் இருநூற்று ஐந்து, கோணலாக, அண்ணாச்சி சொன்னபடி. பிறகு நூற்று முப்பதில் நிறுத்தினேன். அவள் முகத்தில் தினமும் ஒரு டிகிரி வெளிச்சம் ஏறியது. எனக்கும் எண் தெரிய வேண்டியதில்லை. பார்க்காதவரை அது அங்கே இல்லை. நல்ல ஏற்பாடாகத்தான் இருந்தது, அது என் நோட்டாக மட்டும் இருந்தவரை. அந்த மண்டபத்தில் மூன்றாம் வரிசையில் சீதாலட்சுமி அக்கா உட்கார்ந்திருந்தாள். வரிசையாக வீடுகள் உள்ள எங்கள் வளவில் எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி. சத்துணவுக் கூடத்தில் சமையல் பார்த்து ஓய்வு பெற்றவள், தனி ஆள். ஆறு வருஷமாக இன்சுலின் ஊசி. கூட்டம் முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள், "மத்தவுக பேசுனா நான் நம்ப மாட்டேன் தம்பி. ஒங்க எழுத்தப் பாத்தேன். நானும் ஊசிய நிறுத்தப் போறேன்." நான் என்ன சொன்னேன். ஒன்றும் சொல்லவில்லை. பார்த்துச் செய்யுங்கக்கா என்றேன். அதுவும் ஒன்றும் சொல்லாததுதான்.

எட்டேமுக்காலுக்குப் போன் அடித்தது. எடுத்தேன். "தம்பி, டூட்டி முடிஞ்சிருச்சா?" அக்காதான். குரல் காய்ந்து கிடந்தது, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டி ஒட்டிப் பிரிகிற சத்தம் போனில் கேட்டது. "முடிஞ்சதுக்கா, சொல்லுங்க." "ஒண்ணுமில்ல, ராத்திரி எட்டு தடவ எந்திரிச்சேன் ஒண்ணுக்கு. குடம் தண்ணி குடிச்சாலும் தாகம் அடங்க மாட்டேங்குது. ரெண்டு நாளாக் குமட்டலு வேற. இப்ப வயித்து வலியும் வந்துருக்கு. புஷ்பத்துக்கிட்டக் கேட்டா, நச்சு வெளியேறுது, அப்படித்தான் இருக்கும்னு மேடம் சொன்னாகளாம். ஒங்களுக்கும் மொதல்ல இப்படி இருந்துச்சா தம்பி? நீங்க சொன்னாச் சரி. பொடிய ரெண்டு ஸ்பூனா ஆக்கிக்கிடவா?" நீங்க சொன்னாச் சரி. பெஞ்சில் டப்பாப் பெரியவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கொஞ்சம் படுத்திருங்கக்கா, நான் பத்து மணிக்கு வந்துருவேன், வந்து பேசுவோம்" என்றேன். "சரி தம்பி, மெல்ல வாங்க, ராத்திரி முழிச்ச ஆளு" என்று வைத்துவிட்டாள்.

பத்து மணி. ஒன்றேகால் மணி நேரம். அது எங்கேயும் ஓடிப்போய்விடாது. நர்சிங் புத்தகத்தில் நூற்றுப் பதினெட்டாம் பக்கமோ பத்தொன்பதோ, ஒரு பெட்டி போட்ட பகுதி. தாகம், அடிக்கடி சிறுநீர், குமட்டல், வயிற்று வலி, பிறகு மூச்சு வேகமாகும், மூச்சில் பழ வாடை, பிறகு மயக்கம். இன்சுலின் எடுத்துக்கொண்டிருந்தவர் திடீரென்று நிறுத்தினால். பெட்டிக்குக் கீழே அவசரம் என்று தடித்த எழுத்து. அகராதியே தேவைப்படாத சொல். அக்காவின் மூச்சு வேகமாக இருந்ததா. பேச்சுக்கு நடுவில் நிறுத்தி நிறுத்தி இழுத்தாளே, அது தாகமா, மூச்சா. கவனிக்கவில்லை. கவனித்தேன், கவனிக்காதது போல் எழுதிக்கொண்டேன். இரண்டு நாளுக்கு முன்னால் நாலாம் சேம்பர் தரையில் சிவப்பாகச் சொட்டுச் சொட்டாக இருந்தது. வத்தல் சிந்தியிருக்கிறது என்று குனிந்து தொட்டால் ஈரம். யாருக்கோ அடிபட்டிருக்கிறது என்று டார்ச்சை அடித்துக்கொண்டு அந்தச் சொட்டைத் தொடர்ந்து நடந்தேன். சேம்பர் முழுக்கச் சுற்றி, கதவு வரை வந்து, திரும்பிப் பார்த்தால் என் பின்னாலேயே புதுச் சொட்டு வந்துகொண்டிருந்தது. செருப்பைத் துளைத்து ஆணி உள்ளங்காலுக்குள் போயிருந்தது. வலியே இல்லை. யாரோ ஒருத்தனுடைய ரத்தத்தைத் தேடிக்கொண்டு அந்தக் குளிரில் எவ்வளவு நேரம் நடந்தேன் என்று தெரியவில்லை. கட்டுப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்து நாலு மணி ரீடிங் எழுதினேன், ஆறரை. அந்தக் கால் இப்போது கீரைப் பையின்மேல் கிடக்கிறது. இதற்காகத்தான் வந்தேன், என் காலுக்காக. எண் தெரிந்தால் சத்தமில்லாமல் மாத்திரையைத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம், நோட்டில் நூற்று முப்பதையே எழுதிக்கொண்டு போகலாம், அவளும் மைக்கில் பேசிக்கொண்டு இருக்கலாம் என்பதுதான் என் யோசனை. அக்கா அந்த யோசனையில் எங்கேயும் இல்லை. இப்போதே கிளம்பினாலும் பஸ் பிடித்து வளவுக்குப் போக அரை மணி. அக்காவுக்கு இரண்டு வீடு தள்ளி ராஜபுஷ்பம் இருக்கிறாள். எட்டு எட்டு வைத்தால் போய்விடுவாள். ஆனால் ஏன் என்று கேட்பாள். இயந்திரம் நின்றது. நிற்கும்போதும் அதே நடுக்கம், இறங்கி, இறங்கி, ஒரு பெருமூச்சு போல அடங்கியது. அந்த அமைதியில் போன் மறுபடி அடித்தது.

"என்னங்க, அந்த நோட்ட எங்க வச்சீக? ஒங்க சட்டப் பையிலயா?" ராஜபுஷ்பம். குரலில் ஒரு துள்ளல், மைக்குக்குப் பிறகு வந்த குரல். "நாளைக்கு மதுரையில பெரிய கூட்டமாம், என்னயப் பேசச் சொல்லிருக்காக. நோட்ட போட்டோ எடுத்துப் பெருசாப் போடப் போறாகளாம் திரையில. கேக்கீகளா?" கேட்டேன். என் எழுத்து திரையில் பெரிதாகத் தெரிந்தது, நூற்று முப்பத்திரண்டு, நூற்று இருபத்தெட்டு, ஏழே கால். "புஷ்பம், நீ இப்ப எங்க இருக்க?" "அடுப்படியில, எங்க இருப்பேன்." "செருப்ப மாட்டு. சீதாலட்சுமி அக்கா வீட்டுக்குப் போ. ஆட்டோவக் கூப்பிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. ஊசி போட்டுக்கிட்டு இருந்தவுக, இருவது நாளா நிறுத்திட்டாகன்னு அங்க மொதல் வார்த்தையா சொல்லு." "எதுக்கு? அது நச்சு வெளியேறுது, செல்வக்கனி மேடம்..." "நச்சு இல்ல புஷ்பம். சர்க்கர. அந்த நோட்டுல இருக்கிறது நான் பார்க்காம எழுதுனது." பர்வீன் ஏதோ எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தியது தெரிந்தது. போனில் குக்கர் விசில் அடித்தது, நான் வீட்டில் இல்லாததால் அடிக்க விட்டிருக்கிறாள். "எல்லாமேவா?" என்றாள். "மொதப் பதினாறு நாள் தவிர." "அப்ப நூத்தி முப்பது?" "கிடையாது." நான் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தேன், உன் முகத்துக்காகத்தான் என்று. நல்லவேளை அவள் அதைக் கேட்கவில்லை. அடுப்பை அணைக்கிற சத்தம், கதவு நாதாங்கி, செருப்பு, அவள் நடையை எனக்குத் தெரியும், ஒரு காலைச் சற்று இழுப்பாள், இன்றைக்கு இழுக்கவில்லை, ஓடினாள். "யக்கா! சீதாக்கா! கதவத் தொறங்க!" தட்டுகிறாள். மறுபடி தட்டுகிறாள். உள்ளேயிருந்து பதில் வருவதற்குள் போன் அணைந்துவிட்டது.

எனக்குப் பதில் கேட்கவில்லை. அதை எப்படி எழுதுவது. திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. இன்னொரு தடவை. கதவைத் திறந்தாளா, உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு கிடந்தாளா, வளவில் யாராவது ஆம்பிளை இருந்தார்களா உடைக்க. எழுந்து வாசல் வரை போய்த் திரும்பி வந்தேன், மறுபடி போனேன். எப்போதும் எனக்குத் தெரியும், மழையில் எப்படி ஏறும், கரண்ட் வந்தால் எப்படி இறங்கும், உட்கார்ந்த இடத்தில் சொல்லிவிடுவேன். இந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் என்ன என்பதை மட்டும் என்னால் எழுத முடியவில்லை. டப்பாப் பெரியவர் நகர்ந்து இடம் விட்டார். "ஒக்காருப்பா. ஒன்னால இப்ப ஆகுறது ஒண்ணுமில்ல" என்றார். சிரிக்கவில்லை. உட்கார்ந்தேன். ஒன்பதே கால். ஒன்பது இருபது. ஒன்பது இருபத்தொன்று. இருபத்தோரு வருஷத்தில் ஒரு மணியைக்கூட நான் இப்படிப் பார்த்ததில்லை.

"அண்ணாச்சி, வாங்க, ரெண்டு மணி நேரம் ஆயிருச்சு." பர்வீன் ரப்பர் பட்டையைக் கட்டினாள். ஊசி உள்ளே போனது, கையில் வலித்தது, நன்றாக வலித்தது. "காலையில எடுத்தீகள்ல, அது வெறும் வயிறு இல்லம்மா. மூணு மணிக்கு டீ குடிச்சேன். சீனி போட்டு. ரெண்டு பிஸ்கட்டு" என்றேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அப்பவே சொல்லிருக்கலாம்ல. அது கணக்குல வராது, இன்னொரு நாளைக்கு வாங்க" என்று காகிதத்தில் ஒரு வரியை அடித்தாள். பிறகு, போனில் நான் பேசியதைக் கேட்டதாலோ என்னவோ, குரலை இறக்கி, "மூணு மாசத்துது வந்துருச்சு. பதினொண்ணு புள்ளி ரெண்டு. ஏழுக்குள்ள இருக்கணும். டாக்டர இன்னைக்கே பாத்துருங்க அண்ணாச்சி" என்றாள். சரி என்றேன். ஆச்சரியமாக இல்லை. சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்துக் கடைசி வரிக்குக் கீழே பதினொன்று புள்ளி இரண்டு என்று எழுதினேன். பஞ்சைப் பிடித்திருந்த கையால் எழுதியதில் கோணலாக விழுந்தது. டாக்டரம்மா பதினொரு மணிக்குத்தான் உட்காருவார். மறுபடி பெஞ்சு.

பத்து ஐந்துக்குக் கூப்பிட்டாள். சுற்றிலும் ஆஸ்பத்திரி இரைச்சல், ஸ்ட்ரெச்சர் சக்கரம் ஒன்று கிறீச்சிட்டது. "நானூத்தி எம்பத்தாறு" என்றாள். என்னங்க என்று தொடங்கவில்லை. "டிரிப் ஏத்துறாக. ஊசி மருந்து அதுலயே போகுதாம். இன்னும் ரெண்டு மணி நேரம் பிந்தியிருந்தாச் சொல்ல முடியாதுன்னு திட்டுனாக, என்னயத்தான் திட்டுனாக. நான்தான் கூட்டிட்டு வந்த ஆளு." "அக்கா பேசறாகளா?" "பேசறாக. தம்பிகிட்டச் சொல்லிட்டியான்னு கேட்டாக. சொல்லிட்டேன்னேன்." "நோட்டப் பத்தி அவுககிட்ட என்ன சொன்ன?" யாரோ அந்தப் பக்கம் பெயரைக் கேட்டார்கள், அவள் சொன்னாள், வயதைச் சொன்னாள், உறவு என்ன என்று கேட்டதற்குப் பக்கத்து வீடு என்றாள். பிறகு போனுக்குத் திரும்பி வந்தாள். "நம்ம நோட்டப் பாத்துப் பொடிக்கு மாறுனவுக கூட்டத்துல நாப்பது பேரு இருக்காக. ஒவ்வொருத்தர் வீட்டுக்கா நீங்கதான் வரணும் என் கூட. நான் பேச மாட்டேன், நீங்கதான் பேசணும்" என்றாள். வாரேன் என்றேன். "ஒங்களுக்கு எவ்வளவு?" என்றாள். ஓவர்டைம் இல்லை, ரத்தம் கொடுக்கத்தான் வந்திருக்கிறேன் என்று எப்படியோ ஊகித்திருக்கிறாள். சொன்னேன். "அக்காவுக்கு மத்தியானம் கஞ்சிதான் குடுக்கணுமாம். நமக்கு ஒண்ணும் சமையல் ஆகல. அடுப்ப அப்படியே போட்டுட்டு வந்துட்டேன்." பிறகு, "கீரை வாங்குனீகளா?" "வாங்கிட்டேன்." "ஆஞ்சு கொண்டாங்க. போன வாரம் மாதிரி காம்போட கொண்டாராதீக."

பையைக் காலுக்கடியிலிருந்து எடுத்தேன். பர்வீன் பார்த்தாள், ஒரு பழைய செய்தித்தாளைக் கண்ணாடித் தடுப்புக்குக் கீழே தள்ளிவிட்டாள். அதை மடியில் விரித்துக்கொண்டேன். உள்ளே இயந்திரம் அடுத்தவர் ரத்தத்தோடு கிளம்பியது, ஏறி, ஏறி, அந்த இடத்தில் நடுங்கியது. ஒரு கொத்தை எடுத்தேன். விரலை நம்பாமல், கண்ணருகில் கொண்டுவந்து, ஒவ்வொரு காம்பாகப் பார்த்துப் பார்த்து உருவ ஆரம்பித்தேன்.